கழித்தது போக மிச்சம்

திருக்காட்டுப்பள்ளி
ஆடி 24

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து முதல் கடிதம் எனக்குத்தான் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கையெழுத்து மட்டும் அதே கோழிக்கிறுக்கல்தான், லென்ஸ் மாற்றியும் பிரயோஜனமில்லை. என் பதில் தாமதமானதற்குக் காரணம், மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டுகிற என் பட்டறை. குறுவை பச்சை கட்டி நிற்கிறது, ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், ஆளாளுக்குப் போர் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு ஃபேஸ் போனதைக் கவனிக்காமல் ஓடவிட்டால் மற்ற இரண்டு ஃபேஸ் காயிலும் சுமை ஏறிக் கருகிப்போகும். இந்த மாதம் அப்படி வந்தவை மட்டும் ஒன்பது. பட்டறை முழுக்க எரிந்த வார்னிஷ் வாடை. சட்டையைத் திண்ணையில் கழற்றிப் போட்டால்தான் வீட்டுக்காரி உள்ளேயே விடுகிறாள்.

அவள் முழங்கால் இப்போது பரவாயில்லை. பையன் ஆடிப்பெருக்குக்குத் திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டுப் போனான். பேத்தி உன்னைப் போலவே கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறாள்.

சரி, உன்னிடம் டியூஷன் படிக்கிற பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே உள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட 1-க்குப் பின்னால் 36 சுழி போட்ட மடங்கு பெரியது. அப்படியிருக்க, காவிரி ஏன் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுக் கடலைப் பார்த்து ஓடுகிறது, மின்சாரம் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்டாளாமே. நீ ‘எதிரெதிர் மின்னூட்டங்கள் சமமாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பினாய், அவள் முகம் தெளியவில்லை. எப்படித் தெளியும்? பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் மின்னும் காந்தமும் என்று அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி பிரித்துவைத்திருக்கிறோம். மூன்றையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பார்த்தால்தானே யார் பெரியவன் என்று பேசமுடியும்?

‘சமம்’ என்று நீ சொன்ன இடத்தில் அவளுக்கு ஒரு கணக்குக் காட்டியிருக்கவேண்டும். ஒரு கிராம் தண்ணீர், அதாவது உள்ளங்கையில் ஏறத்தாழ இருபது சொட்டு. அதிலுள்ள எலக்ட்ரான்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 53,000 கூலும் (மின்னூட்டத்தை அளக்கிற அலகு) எதிர் மின்னூட்டம் வருகிறது. அணுக்கருக்களில் அதே 53,000 நேர் மின்னூட்டம். ஒரு கூலும் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு கூலும் இங்கே, இன்னொன்று ஒரு கிலோமீட்டர் தள்ளி, நம் கடைத்தெருவிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தால்கூட நடுவே 9,000 நியூட்டன் விசை. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பம் இருபத்துமூன்றை அடுக்கிய எடை. அந்த ஒரு கிராமில் அப்படி ஐம்பத்து மூவாயிரம் இருந்தும் அது உன் கையில் சும்மா கிடக்கிறது. வரவும் செலவும் பைசா பிசகாமல் நேர் ஆகிறது, அவ்வளவுதான். பலம் இல்லாமல் இல்லை, மிச்சம்தான் இல்லை.

ஈர்ப்புக்கு இந்தச் செலவுப் பத்தியே கிடையாது. நிறையில் நேர், எதிர் என்று இரண்டு ஜாதி இல்லை. எல்லாம் வரவு. அற்பக் காசுதான், ஆனால் யாரும் எடுப்பதில்லை. ஐம்பது கிலோ ஆள் இரண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் ஒருவரை ஒருவர் இழுக்கிற விசை, ஒரு அரிசிமணி எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. (ஹாஸ்டலில் நாம் நாலு வருஷம் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தோம், நம்மை ஒட்டவைத்தது அது இல்லை.) நியூட்டன் 1687-ல் விதியை எழுதிவைத்தார். அதை ஒரு அறைக்குள் கையால் அளந்து காட்ட 1798-ல் கேவண்டிஷ் வரவேண்டியிருந்தது. அவருக்கும் ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள ஈயக்குண்டு இரண்டு தேவைப்பட்டது, தன் மூச்சுக்காற்றுகூட ஆட்டிவிடக்கூடாது என்று வெளியே நின்று டெலஸ்கோப் வழியாகப் பார்த்தார். அந்த அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி கூலும், அதே மாதிரி முறுக்குக் கம்பியை வைத்துத்தான் 1785-ல் மின்விசையை அளந்தார், அவருக்குச் சின்னச் சின்ன உருண்டைகளே போதுமாக இருந்தன. இந்த இரண்டு குண்டுகளின் அளவைப் பக்கத்தில் பக்கத்தில் சொல், அந்தப் பெண்ணுக்கு முப்பத்தாறு சுழியைவிட இதுதான் மனதில் நிற்கும்.

அந்த அற்பக் காசு பூமி அளவுக்குச் சேர்ந்ததால்தான் தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும் ஆறு போகிறது. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குள், நாகப்பட்டினம் 80 கிலோமீட்டர் தள்ளி. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூட இல்லை! கொத்தனார் டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தால்கூடக் கண்ணுக்குப் படாத சரிவில் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகிறதே, அதுதான் ஆச்சரியம். இந்தியாவை அளந்த சர்வேக்கார வெள்ளைக்காரர் லாம்டன் கதை ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளில் பெரிய கோயிலுக்குப் போனபோது நீதான் சொன்னாய். 1808-ல் சர்வேக்காக அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கிற தியோடலைட்டைக் கோயில் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நொறுங்கிப்போக, மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார். அதே சர்வே பின்னால் வடக்கே போனபோது இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் லேசாக இழுப்பது கணக்கில் அகப்பட்டது. மலையிலும் எல்லாம் வரவுதானே.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் செக்கச்செவேல் என்று வண்டலோடு போகிறது. ஒரு குடம் மொண்டு வந்து, என் ஆத்தா செய்தது போலத் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்ளே இழைத்து, அதில் தண்ணீரை ஊற்றிவைத்தேன். பக்கத்தில் இழைக்காத பானை ஒன்று. இழைத்ததில் கொஞ்ச நேரத்தில் மேலே தெளிய ஆரம்பித்துவிட்டது. மற்றது மறுநாள் காலையிலும் கலங்கல்தான். “தாத்தா, மண்ணு கனம்தானே, இதுல மட்டும் ஏன் கீழ போகமாட்டேங்குது?” என்றாள்.

பட்டறையில் காயில் கட்டிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். களிமண் துகள் மெல்லிய தகடு. இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் பத்து சென்டிமீட்டர் இறங்கவே எட்டு மணி நேரம் ஆகும் என்று மண் பரிசோதனைக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு அளவென்றால் நூறு மடங்கு நேரம், ஒரு மாசத்துக்கு மேல். ஈர்ப்பு இழுக்காமல் இல்லை, நாலு துகள் ஒன்றுசேர்ந்து கனமானால் விழுந்துவிடும். ஆனால் சேரவிடாமல் தடுப்பது மின்விசை. களிமண் தகட்டின் மேல்பரப்பில் கொஞ்சம் எதிர் மின்னூட்டம் கணக்கில் நேராகாமல் மிஞ்சி நிற்கிறது. ஒன்றுக்கொன்று கிட்டே வந்தால் தள்ளிக்கொள்கின்றன. தேத்தாங்கொட்டையில் உள்ள பசை அந்தத் துகள்களை ஒன்றோடொன்று பாலம்போட்டுச் சேர்த்துவிடும், படிகாரம் போட்டால் அதிலுள்ள அலுமினியம் நேர் மின்னூட்டத்தைக் கொண்டுவந்து சண்டையைத் தீர்த்துவைக்கும். சண்டை தீர்ந்த பிறகு ஈர்ப்பு வந்து வேலையை முடிக்கும்.

இதே காரியம் பூம்புகாரிலும் நடக்கிறது. நல்ல தண்ணீரில் தள்ளிக்கொண்டே வந்த துகள்கள், கடல் உப்பைத் தொட்டதும், உப்பிலுள்ள மின்னூட்டம் கொண்ட அயனிகள் சூழ்ந்து அந்த எதிர்ப்பை அமுக்கிவிட, திரண்டு படிகின்றன. முகத்துவாரத்தில் வேகம் குறைவதும் காரணம்தான், ஆனால் மெல்லிய களி படிவதில் உப்புக்கும் பங்கு உண்டு. நீயும் நானும் பிறந்த மண், அந்தக் கொஞ்ச மிச்சத்தைக் கடல் தணித்ததாலும் வந்தது. களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், களி திரளும், தண்ணீர் இறங்கும். பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டு, ‘ஏதோ உரமாம்’ என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வயலில் தண்ணீர் இறங்கினால் சரி.

காந்தம் பாக்கி. அது என் சொந்தத் தொழில், அதனால் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள். தொழில் தொடங்கிய வருஷம் ஒரு ஐந்து எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டினேன். இணைக்கும்போது ஒரு குரூப்பின் முனையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டால் ‘உர்ர்’ என்று உறுமுகிறது, எடுக்கவில்லை, ஐந்து நிமிஷத்தில் சூடு. கம்பி சரி, கரண்ட் சரி, ஒரு பக்கத்துக் காந்தம் இன்னொரு பக்கத்துக் காந்தத்தைக் கழித்துக்கொண்டது. அன்றைக்கு முதலாளியிடம் வாங்கிய பாட்டு இருக்கிறதே, அதிலிருந்து முனையைக் குறித்துக்கொள்ளாமல் கம்பியைத் தொட்டதில்லை.

ஆனால் இதைவிடப் பெரிய கழித்தல் கம்பிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஐந்து ஆம்பியர் போனால் எலக்ட்ரான்கள் நகர்கிற வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். நத்தை தோற்காது. நம் லைன் ஏ.சி. என்பதால் அதுவும் முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஓடும் மின்னூட்டத்துக்கும் நிற்கும் மின்னூட்டத்துக்கும் இடையே கணக்கு இம்மிகூடப் பிசகாது என்று நினைத்தால் பிசகுகிறது. 1905-ல் ஐன்ஸ்டைன் காட்டிய சார்பியல் கணக்கில் அந்தப் பங்கின் வர்க்கம் அளவுக்கு ஒரு துளி மிஞ்சும். 1820-ல் ஆர்ஸ்டெட் பார்த்தபோது கம்பி பக்கத்தில் திசைகாட்டி ஊசியை அசைத்தது அந்தத் துளிதான். ஒரு கிராம் தண்ணீரில் ஐம்பத்து மூவாயிரம் கூலும் ஒளிந்திருக்கிற உலகத்தில், அதில் மிஞ்சிய துளி எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று யோசித்துப் பார். நான் அதைச் சுற்றுச் சுற்றாகக் கட்டிப் பெருக்கி, இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்தால், அது முந்நூறு அடி ஆழத்துத் தண்ணீரை, ஈர்ப்பு இழுத்து வைத்ததை, மேலே தூக்கிக் கொட்டுகிறது.

அந்தப் பெண்ணிடம் காந்த ஊசியும் காட்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்கே ஒட்டிப் போவதால் (திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963-ல் ராக்கெட் விட்டது அந்தக் காரணத்துக்காகத்தான்) நம் பக்கத்தில் ஊசி கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும். லண்டனில் அதே ஊசி 66 பாகை அளவுக்குக் கீழே குனியும்.

நாலு தேத்தாங்கொட்டையை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். தபாலில் தட்டையாகப் போகாது, கொஞ்சம் புடைத்திருக்கும், அபராதம் கேட்டால் கொடுத்துவிடு. அந்தப் பெண்ணை இழைத்துப் பார்க்கச் சொல். மண்பானையில்தான், எவர்சில்வரில் வழுக்கும். கொட்டையை முதலில் நனைத்துக்கொள்ளவேண்டும்.

உன்
காயில்காரன்