அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது, மறுவாரமே பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. மூன்று வாரமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு மகளின் கார்தான் காரணம். அதில் உனக்கும் பங்கு இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அவள் ஆன் ஆர்பரில் படிக்கிறாள் அல்லவா? டெட்ராய்ட் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வாராவாரம் 70 கிலோமீட்டர் ஓட்டி வருவாள். கார் பழையது, ஆட்டோமேட்டிக். சென்ற மாதம் வந்தபோது ரேடியேட்டரின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்து கசிந்து காய்ந்தது அது. பசை ஊற்றி அடைத்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த மாதிரி வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு குழாயும் அதே தொட்டிக்குள்தான் இருக்கிறது. வெளியே கூலன்ட், உள்ளே ஆயில், நடுவே ஒரு மெல்லிய உலோகச் சுவர். அது ஓட்டையானால் இரண்டும் கலந்து ரோஸ்மில்க் போல ஆகிவிடும். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் கியர்பெட்டிக்குள் போனால் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் லைனிங் உரியத் தொடங்கும். பிறகு கியர்பெட்டியையே மாற்ற வேண்டியதுதான். கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் நல்ல சிவப்பாக இருந்தது. உயிர் வந்தது. ரேடியேட்டரையே மாற்றிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலன்டை வடித்தோம். அதை மூடி போட்ட கேனில் உடனே அடைத்து வைத்தேன். இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கிவிடும், சிறிது போனாலே உயிருக்கு ஆபத்து. மேல் ஹோஸ் ரேடியேட்டர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும் என்பதால் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தேன். எப்படியும் புது ஹோஸ் வாங்கி வைத்திருந்தேன். விசிறியும் அதன் கூடும் சுலபமாக வந்துவிட்டன.

வேலை நின்றது ஆயில் குழாய்களில்தான். இந்த ஊரில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகருக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கமே இருக்கிறது. கார் செய்யும் ஊரின் வயிற்றிலிருந்து எடுக்கும் உப்பே காரைத் தின்கிறது. குழாயும் நட்டும் ஒரே துருக்கட்டியாக இருந்தன. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். நட்டைச் சுற்றிலும் பிடித்து, குழாய் நுழைய மட்டும் வாய் திறந்திருக்கும் ஸ்பேனரைப் போட்டேன். ரேடியேட்டரில் இருக்கும் இணைப்பை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அது திரும்பினால் தொட்டிக்குள் இருக்கும் குளிர்குழாயின் வாஷர் பிய்ந்துவிடும்.

மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நட்டு மெல்ல அசைந்தது. "வருதுப்பா!" என்றாள். எனக்குக் கையில் ஏதோ சரியில்லை என்று பட்டது. விரலைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தேன். நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாலிடெக்னிக் பட்டறை நினைவுக்கு வந்தது. நான் துளைக்குள் மரை வெட்டும் டேப்பை ஒரே மூச்சில் திருகி உடைத்துவிட்டு நின்றபோது, நீ என் கையைப் பிடித்து, "அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, பிசிறு உடையட்டும்" என்று காட்டிக்கொடுத்தாயே, அது. நட்டைத் திரும்ப முறுக்கினேன். எண்ணெய் விட்டேன். கொஞ்சம் அவிழ்த்தேன், மறுபடி முறுக்கினேன். ஒரு மணி நேரம் இதே வேலை. பழுப்புத் தூள் எண்ணெயோடு கசிந்து வந்தது, பிறகு நட்டு தனியாகச் சுழன்றது, குழாய் அசையவில்லை. பழனி, அந்த நிமிடம் நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

இரண்டாவது குழாய் அப்படி வரவில்லை. அதைத் தாங்கும் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் குழாய் நகத்தால் அமுக்கினாலே நெளியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. நெடுஞ்சாலையில் அது வெடித்திருந்தால் கியர் ஆயில் முழுவதும் சில நிமிடத்தில் தரையில் கொட்டியிருக்கும், அவள் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பாள். வெகுநேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறுத்துவிட்டேன். இரண்டையுமே செம்பும் நிக்கலும் கலந்த குழாயில் புதிதாக வளைத்து, முனையை மலர்த்திப் போட்டேன். அந்தக் கலவை உப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது.

மற்றதெல்லாம் விரைவில் முடிந்தது. நட்டுகளை முதலில் விரலாலேயே மரையேற்றினேன். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, எங்கள் குளிருக்கு அது வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினேன். சிந்திய அளவுக்குக் கியர் ஆயிலை ஊற்றி, சூடான பிறகு குச்சியைப் பார்த்தேன். அளவு சரி, நிறமும் சிவப்பு.

நீ வாங்கப்போவதாக எழுதிய ஏஎம்டி வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. அது சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் செய்கிறது. குளிர்விக்கும் ஆயில் குழாய் அதற்குத் தேவையில்லை. கோவை கணபதியில் பட்டறைக்கும் வீட்டுக்குமாக ஓட்ட அது போதும் என்றே நினைக்கிறேன்.

அறுத்த குழாயில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் வரும்போது கொண்டு வருகிறேன், நீ கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மகளும் கூட வருகிறாள். உன் லேத்தில் மரை வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் முருகேசன்