எது 'மிக மோசமான' டொர்னேடோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, 'மிக மோசமான' டொர்னேடோக்களின் (தரையைத் தொட்டுச் சுழலும் சூறைக்காற்று) தரவரிசையைப் பார்த்தேன். முப்பது வருடம் கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அதனால் ஒரு விஷயம் உறுத்தியது. 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், எல் ரீனோ அருகே வீசியதைக் காணோமே? அதன் அகலம் மட்டும் சுமார் 4.2 கி.மீ.! ரேடாரில் பதிவான காற்றின் வேகம் மணிக்கு 470 கி.மீ.க்கும் மேல். டொர்னேடோவின் வலிமையைக் குறிக்கும் இ.எஃப். (மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா) அளவுகோலில் ஒரு கட்டத்தில் உச்சபட்ச இ.எஃப்.5 என்றார்கள், பிறகு இ.எஃப்.3 ஆக இறக்கிவிட்டார்கள். காரணம், அது பெரும்பாலும் வயல்வெளியில் சுழன்றது. பேராசிரியர் ஃபுஜிட்டா 1971இல் வகுத்த அளவுகோலின் வழி அதுதான்: காற்றை அல்ல, இடிபாட்டைப் பார்த்து மார்க் போடுவது. சுவர் அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்ததா, வெறும் ஆணிதானா என்றுகூடப் பார்ப்பார்கள். வீடே இல்லாத இடத்தில் என்னத்தைப் பார்ப்பது?

1997இல் டெக்சாஸின் ஜாரல் ஊரில் வீசியது மெதுவாக நகர்ந்து, ஒரே இடத்தை அரைத்தது. வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் துடைத்துவிட்டதுபோல மிஞ்சியது, சாலையின் தார்கூட உரிந்துபோனது. என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

உயிர்ப்பலிதான் கணக்கென்றால், 695 பேரைக் கொன்ற 1925ஆம் ஆண்டின் அமெரிக்க 'மூன்று மாநில' டொர்னேடோவை முதலில் வைத்தது தவறு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில் இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். அடுத்த இணைப்பில் திருத்தம் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர், திருச்சி