முதல் நாள் எப்படி என்று கேட்டாயே

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்விக்கு,

நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிட்டேன். உன் மாமியார் மாமனாருக்கும் இதே வியட்நாம் டூரைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடுவதற்கு முன்னால் முதல் நாள் கதையை முழுசாகத் தெரிந்துகொள்.

சென்னையிலிருந்து ராத்திரி விமானம். சைகோனில், அதாவது இப்போதைய ஹோ சி மின் நகரத்தில், இறங்கும்போது அங்கே காலை எட்டு, நம் கணக்கில் ஆறரை. ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. வெளியே பெயர்ப்பலகையோடு ஆள், குளுகுளு பஸ், ஆளுக்கொரு ஈரத்துண்டு. குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நட்சத்திர ஓட்டலில் அறை மதியம் இரண்டுக்குத்தானாம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இருபத்து நாலு பேரும் கசங்கிய புடவையும் வீங்கிய காலுமாக அந்தப் பளிங்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ரெயில் தாமதமானால் விழுப்புரம் ஜங்ஷனில் உட்காருவோமே, அதேதான். மேலே சரவிளக்கு, அது ஒன்றுதான் வித்தியாசம். கேட்டால் மேனேஜர் தம்பி சிரித்துக்கொண்டே இன்னொரு ஜூஸ் கொடுக்கச் சொல்வார்.

அங்கேதான் அறிமுகப் படலம். "பாண்டிச்சேரி" என்று அப்பா சொல்லி வாயை மூடவில்லை, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "சார், சரக்கு ஏதாச்சும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒருவழியாக அறை கிடைத்ததும் பெட்டியைத் தூக்க வந்த பையனிடம் அப்பா கைப்பிடியை விடவே இல்லை. இருவரும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மனசு கேட்காமல் அவனுக்கு இருபதாயிரம் டாங் கொடுத்தார். நம் காசுக்கு எழுபது ரூபாய் போலத்தான். அவன் போன வேகத்தில் திரும்பி வந்து நோட்டை நீட்டினான். பார்த்தால் ஐந்து லட்சம்! இரண்டு நோட்டும் நீலம், இரண்டும் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பு. உன் மாமனாரிடம் இதை மட்டும் தனியாகச் சொல்லி வை. எல்லாரும் அந்தப் பையன் மாதிரி இருக்க மாட்டார்கள்.

ஆறு மணி வரைக்கும் ஓய்வு என்றார்கள். குளியல் தொட்டியில் வெந்நீரை நிரப்பி அரைமணி நேரம் கிடந்தேன். அது சுகம்தான், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அப்பாவை எழுப்பினேன். "மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம், வாங்க."

எங்கள் தாத்தா சைகோனில் சுங்கத்தில் குமாஸ்தா என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? பாட்டி அவரைக் கடைசிவரை "சைகோன்காரர்" என்றுதான் சொல்வாள். 1954-இல் நம்மூரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதே வருஷம் ஜெனீவாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி அங்கேயும் அவர்கள் ஆட்சி முடிந்தது. தாத்தா கப்பலேறிவிட்டார். அங்கே இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் போன கோயில் அது. நம் தமிழர்கள் கட்டியது, 'பென் தான்' என்கிற சந்தைக்குப் பக்கத்தில். டூர் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

உள்ளே நம் கோபுரம், நம் அம்மன். கும்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வியட்நாம்காரர்கள். கை நிறைய ஊதுபத்தி. கருவறைக்குப் பின்புறக் கல்சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு வேண்டுகிறார்கள். ஆபீஸ் உடுப்பில் ஒரு பெண், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் புகார் சொல்வது மாதிரி சுவரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் நகர்ந்ததும் நானும் அதே இடத்தில் நெற்றியை வைத்தேன். கல் சில்லென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. வேண்ட ஒன்றும் தோன்றவில்லை. "நான் சைகோன்காரர் பேத்தி" என்று மட்டும் சொன்னேன். அப்பா கண்டும் காணாத மாதிரி செருப்பைத் தேடப் போய்விட்டார்.

ராத்திரிச் சாப்பாடு பனீர். எட்டு நாளும் பனீர்தான், அதை விடு.

உன் மாமியாருக்குப் போடு, தப்பில்லை. ஆனால் சாயங்காலம் போய் இறங்கும் விமானமாகப் பார். இல்லாவிட்டால் காலையிலேயே அறை உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள். அவருக்கு முட்டிவலி வேறு.

மறுநாள் பழைய போஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். 1891-இல் கட்டி முடித்ததாம், நம் பீச் ரோட்டுப் பக்கத்து மஞ்சள் சுவர்தான் அச்சு அசலாக. அங்கிருந்து உனக்கு ஒரு கார்டு போட்டேன். வந்ததா?

அன்புடன்,
அம்மா