அண்டாவை மட்டும் எடைக்குப் போட வேண்டாம்

லீத், எடின்பரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது, மற்றபடி பழகிவிட்டது. சாயங்காலம் என் ரூமில் ஹீட்டர் போடுவதில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் வீட்டில் நல்ல கணப்பு இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். தச்சு வேலை பார்த்தவர் என்று எழுதினேனே, அவர்தான். நான் வைக்கும் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறார்.

அவர் இப்போது தனக்கென்று ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ் வாங்குகிறார். கேடயத்தில் வரைவார்களே, அந்தச் சின்னம். பிரபுக்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே தகுதியுள்ள யாரும் லார்ட் லயன் என்ற அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். கொடுத்தால் 1672-இல் தொடங்கிய பதிவேட்டில் ஏறும். பதியாத சின்னத்தை ஸ்காட்லாந்தில் போட்டுக்கொள்வது குற்றம். 2,000 பவுண்டுக்கு மேல் செலவு. பெரியவர் வருஷக்கணக்கில் சேர்த்த காசு.

முதலில் பச்சைக் கேடயத்தில், மரத்தைச் சீவும் இழைப்புளியைக் கறுப்பில் கேட்டார். கூடாதாம். பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா எல்லாம் நிறம். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது. தூரத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சாணி மெழுகிய வாசலில் வெள்ளை மாவு போட்டால்தானே கோலம் எடுப்பாய்த் தெரியும், அது மாதிரி. கடைசியில் வெள்ளிக் கேடயம், கறுப்பு இழைப்புளி, அடியில் லீத் ஆற்றுக்காக நீல அலை என்று முடிவானது. கேடயத்துக்கு மேலே ஒரு தலைக்கவசம் வரைவார்கள், அதன் மேல் ஒரு நாரை. ஆற்றில் ஒற்றைக் காலில் நிற்பதைத் தினமும் பார்க்கிறாராம்.

சோழர் செப்பேட்டு முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் இருக்கும் என்று சொன்னேன். வரையச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டுச் சின்னம் என்ன?" என்று கேட்டார்.

எனக்கு நம் பித்தளை அண்டாதான் ஞாபகம் வந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாய்த் தாத்தா பேர் வெட்டியிருக்குமே. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கடைசி எழுத்து மழுங்கியே போய்விட்டது. பொங்கலுக்கு முதல் நாள் நீ தேய்ப்பாய், நான் தண்ணீர் ஊற்றுவேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை அம்மா. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

இங்கே சின்னம் குடும்பத்துக்குச் சொந்தமில்லை, ஒரு ஆளுக்குத்தான். அப்பாவுடையது அப்படியே மூத்தவனுக்குப் போகும். இளையவன் அதைச் சுற்றிப் புடவைக் கரை மாதிரி ஒரு கரை சேர்த்துப் பதிய வேண்டும். நானும் இளையவன்தானே. அண்ணனிடம் சொல், வீட்டைப் பிரிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. திண்ணைப் பக்கம் அவனே எடுத்துக்கொள்ளட்டும், எனக்குக் கொல்லைப் பக்கம் போதும். பவர் எழுதி அனுப்புகிறேன். ஆனால் பழைய பாத்திரத்தை எல்லாம் எடைக்குப் போடப் போகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அண்டாவைத் தொட வேண்டாம். விலை என்னவோ அதை நான் தருகிறேன்.

தங்கை வளைகாப்புக்குப் பணம் இரண்டு வாரம் தள்ளி வரும். வேறொன்றும் இல்லை, கவலைப்படாதே. அண்டாவை உன் அறை மூலையில் கவிழ்த்து வை. பேர் இருக்கும் பக்கம் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்.

உன் சின்ன மகன்