காயிலை வெட்டுவதற்கு முன்: தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் கடைவீடுகளிலும் குளிர்சாதனங்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் கழற்றுவதுமாக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிங்கப்பூர்த் தீவில் உழைத்து வருபவன் நான். கழற்றிய பழைய பெட்டிகளை லாரியில் ஏற்றிச் சென்று சுங்கை காடுட்டிலும் துவாசிலும் உள்ள பழைய உலோகக் கிடங்குகளில் எடைபோட்டு விற்ற அனுபவமும் எனக்கு உண்டு. யார்மீதும் புகார் கொடுப்பதற்காக நான் இம்மடலை எழுதவில்லை. பழைய ஏர்கோன் காயிலிலிருந்து செம்பையும் அலுமினியத்தையும் மீட்பது நல்ல வேலை. அந்த வேலை தொடங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில் நடக்கும் ஒரு தவறு, அதாவது உள்ளே இருக்கும் குளிர்வாயுவைக் காற்றில் விட்டுவிடுவது, அந்த வேலையின் நன்மையைப் போலப் பல மடங்கு கேட்டைச் செய்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

காயில் என்று நாங்கள் சொல்லும் பகுதியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய்கள், முடியைவிடச் சற்றே தடித்த நூற்றுக்கணக்கான அலுமினியத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுகின்றன. தகடுகளைக் கோத்த பிறகு குழாயை உள்ளிருந்து விரித்து இறுக்குவதுதான் தொழிற்சாலை முறை. பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. அதனால்தான் இரண்டு உலோகங்களையும் கையால் பிரிப்பது அத்தனை கடினமாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக உருக்கிப் பிரிக்கலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் நடவாது. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும், செம்புக்கு 1,085 பாகை வேண்டும். ஆனால் உருகிய அலுமினியம் செம்பைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். கிடைப்பது ஒரு கலப்புலோகம், அதிலிருந்து இரண்டையும் மீண்டும் பிரித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. முறையாகச் செய்பவர்கள் இரண்டு ஓரத்திலும் உள்ள இரும்புத் தகடுகளை வெட்டி நீக்கிவிட்டு, காயிலை இயந்திரத்தில் பொடியாக நறுக்கி, அதன்பின் உலோகங்களைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். இரும்பு ஒட்டியிருந்தால் கிடங்கில் விலை குறையும், இரும்பு நீக்கிய காயிலுக்கு விலை கூடும், தனிச் செம்புக்கு அதைவிடக் கூடும். வெட்டுபவரின் கை எங்கே போகிறது என்பதை இந்த விலை வரிசைதான் முடிவு செய்கிறது.

அந்த விலையும் சாதாரணமானதன்று. 2024 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இரும்பு நீக்கிய காயிலின் எடையில் பாதிக்கு நெருக்கமாகச் செம்பு இருக்கும். ஆகவே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெரிய பழைய பொருள்களை வைக்கும் இடத்தில் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி ஒன்றை மாலையில் வைத்தால், மறுநாள் காலையில் அதன் முதுகு பிளந்து கிடப்பதைப் பார்க்கலாம். செம்புக் குழாயின் நீண்ட பகுதிகள் போயிருக்கும். கசங்கிய அலுமினியத் தகடுகள் தரையெங்கும் சிதறியிருக்கும். கூட்டிப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளி அவற்றைக் குப்பையில் சேர்ப்பார். அவ்வளவு மெல்லிய தகடு எரிஆலையின் சூட்டில் பெரும்பாலும் ஆக்சைடாகிச் சாம்பலோடு, அதைக் கொட்டிப் புதைக்கும் செமாக்காவ் தீவுக்குப் போய்விடும். பழைய அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிதறலைப் பார்க்க மனம் பொறுக்காது.

ஆனால் அலுமினியம் வீணாவது சிறிய இழப்பு. பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

உள் பெட்டி, வெளிப்பெட்டி எனப் பிரிந்த வகைக் குளிர்சாதனத்தைக் கழற்றுமுன், ஓரளவு பயிற்சி உள்ள எந்தத் தொழிலாளியும் ‘பம்ப் டவுன்’ செய்வார். இயந்திரத்தை ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை முதலில் அடைப்பார். உள் பெட்டிகளிலும் குழாய்களிலும் இருக்கும் கேஸ், அதாவது குளிர்வாயு, முழுவதையும் கம்ப்ரசர் உறிஞ்சி வெளிப்பெட்டிக்குள் தள்ளும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் அடைப்பார். இப்படிச் செய்தால் வீட்டில் கேஸ் கசியாது, குழாயை நிம்மதியாக அறுக்கலாம், வாடிக்கையாளரும் வேலை சுத்தமாக முடிந்தது என்று மகிழ்வார். கேஸ் எங்கே போயிற்று என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அது முழுவதும் வெளிப்பெட்டியின் காயிலுக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. செம்புக்காக முதலில் வெட்டப்படுவதும் அதே காயில்தான். வீட்டில் நாங்கள் காட்டிய கவனம் அத்தனையும், இரண்டு நாள் கழித்து வேறொரு கை அந்தக் குழாயில் கத்தியை வைக்கும்போது ஒரு சீறலில் தீர்ந்துபோகிறது.

இதன் அளவைச் சொல்கிறேன், பொறுமையோடு படியுங்கள். மூன்று அறைகளுக்கான ‘சிஸ்டம் 3’ வெளிப்பெட்டியில் இரண்டு கிலோ அளவுக்கு வாயு இருப்பது வழக்கம். சரியான அளவு பெட்டியின் பக்கத்தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாயு ஆர் 410ஏ என்ற வகை என்றால், அதன் புவி வெப்பமாக்கும் ஆற்றல் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. இரண்டு கிலோ வெளியேறினால் நான்கு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஒரு நான்கறை வீட்டின் ஏறத்தாழ ஈராண்டு மின்சாரப் பயன்பாட்டால் உண்டாகும் அளவு அது. அதே பெட்டியிலிருந்து கிடைக்கும் சில கிலோ செம்பையும் அலுமினியத்தையும் மறுசுழற்சி செய்வதால் மிச்சமாகும் கரியமில வாயுவோ, தாராளமாகக் கணக்கிட்டாலும் நூறு கிலோவையொட்டியே நிற்கும். நூறு கிலோவை மிச்சம் பிடிக்க நாலாயிரம் கிலோவைக் காற்றில் விடுகிறோம். ஆர் 32 வாயுவின் மதிப்பு 675 என்பதால் கேடு குறைவு, ஆயினும் கேடுதான். தீப்பற்றும் தன்மையும் அதற்குச் சிறிது உண்டு. இன்னும் சில பழைய கடைவீடுகளின் பின்புறம் தொங்கிக்கொண்டிருக்கும் ஆர் 22 பெட்டிகள் ஓசோன் படலத்தையும் சேர்த்தே அரிக்கின்றன.

1 அக்டோபர் 2022 முதல், 750க்கு மேற்பட்ட வெப்பமாக்கும் ஆற்றலுள்ள வாயுவைப் பயன்படுத்தும் வீட்டுக் குளிர்சாதனங்களை இங்கு விற்பனைக்கு விடுவதை நீங்கள் நிறுத்தினீர்கள். அதே ஆண்டில் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கிகாலி திருத்தத்தையும் சிங்கப்பூர் ஏற்றது. எங்களைப் போன்றவர்கள் உண்மையாகவே வரவேற்ற முடிவுகள் இவை. ஆனால் அதற்கு முன்பு பொருத்தப்பட்ட ஆர் 410ஏ பெட்டிகள் எங்கும் போய்விடவில்லை. நான் என் கையாலேயே மாட்டிய நூற்றுக்கணக்கான பெட்டிகள் இன்றும் புளோக்குகளின் வெளிச்சுவரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஆயுள் முடியும் காலம் இதுதான். கழற்றப்படும் அலை இப்போதுதான் எழுகிறது. 2024இல் வீவக வீடுகளுக்கு வழங்கப்பட்ட 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டை மின்சிக்கனத்துக்கு ஐந்து டிக் பெற்ற குளிர்சாதனம் வாங்கவும் பயன்படுத்தலாம் என்று ஆனதும் பலர் மாற்றிக்கொள்ள முன்வந்தார்கள். நல்லதுதான். ஆனால் புதியதை வாங்க உதவிய அந்தத் திட்டம், கழற்றிய பழையதன் வயிற்றில் இருக்கும் வாயு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1 ஜூலை 2021 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டம் குளிர்சாதனத்தையும் உள்ளடக்கியது என்பதையும், புதியதைக் கொண்டுவந்து தரும் கடைக்காரர் பழையதை இலவசமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அது சொல்வதையும் நான் அறிவேன். குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இந்த ஏற்பாடு பொருந்துகிறது, ஏனெனில் அவற்றைக் கொண்டுவருபவரே பழையதைத் தூக்கிச் செல்கிறார். குளிர்சாதனத்தில் நிலைமை வேறு. கடை விற்கிறது, பொருத்தும் வேலை துணைக் குத்தகைக்காரரிடம் போகிறது, அவரிடமிருந்து அன்றைய தினத்துக்கு வேலைக்கு வந்த இரண்டு பேரிடம் போகிறது. அந்த இருவருக்குப் பழைய வெளிப்பெட்டி என்பது மதிய உணவுக்கும் பெட்ரோலுக்கும் ஆகும் காசு. ‘கழற்றுவதும் அப்புறப்படுத்துவதும் இலவசம்’ என்று விளம்பரங்களில் வருகிறதே, அந்த இலவசத்துக்கான பணத்தைக் கொடுப்பது பெட்டிக்குள் இருக்கும் செம்புதான்.

நானும் அப்படிச் செய்தவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் இங்கு வந்த புதிதில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், வாயுவை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் ஒன்று உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. அதை எடுக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டதற்கு, “தம்பி, அதை மாட்டி உட்கார்ந்திருந்தால் அடுத்த வீட்டுக்கு எப்போது போவது? வால்வைத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டே இரு” என்றார் மேற்பார்வையாளர். திறந்தேன். ஒரு நாள், காலியாகிவிட்டது என்று நம்பி வெட்டிய குழாயிலிருந்து திரவமாகவே பீறிட்ட வாயு என் இடது புறங்கையைப் பனிக்கட்டியாய் உறையவைத்துத் தோலை உரித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று அருகில் பற்றவைப்புத் தீ எரியவில்லை என்பது என் அதிர்ஷ்டம். ஆர் 22 போன்ற வாயு தீயில் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடும் பாஸ்ஜீனும் உண்டாகும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் அறிந்தேன். தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் வருமானத்துக்காகக் காயில் வெட்டப் போகும் என் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்றும் இதைச் சொல்வார் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது முதன்மையாக ஒன்றுதான்: வாயுவுக்கு ஒரு விலை வையுங்கள். செம்புக்கு எடைக்கு எடை காசு கிடைக்கிறது, அதனால் ஒரு துண்டுகூட வீணாவதில்லை. வாயுவை எடுப்பவருக்கோ அரை மணி நேரம் போகிறது, இயந்திரமும் எடுத்த வாயுவை அடைக்கும் உருளையும் சொந்தச் செலவு, பிறகு அந்த உருளையை எங்கே கொண்டு ஒப்படைப்பது என்ற அலைச்சல் வேறு. நேர்மையாகச் செய்பவர் நட்டப்படுகிறார். மீட்கப்பட்ட குளிர்வாயுவை எடைபோட்டு வாங்கிக்கொண்டு கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கும் நிலையங்கள், பழைய உலோகக் கிடங்குகள் இருக்கும் சுங்கை காடுட்டிலும் துவாசிலுமே இருக்கட்டும். லாரி எப்படியும் அங்கேதான் வருகிறது. காயிலை இறக்குமுன் வாயுவை இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் மின்கழிவுத் திட்டத்துக்குச் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியும் என்றே கருதுகிறேன்.

அது நடந்த பிறகு, வாயு எடுக்கப்பட்டதற்கான அடையாளச் சீட்டு இல்லாத வெளிப்பெட்டியையோ அதன் காயிலையோ கிடங்குகள் வாங்கக் கூடாது என்று விதிக்கலாம். வரிசை முக்கியம். நிலையம் வருவதற்கு முன்பே தடை வந்தால், வெட்டும் வேலை கிடங்கிலிருந்து ஆளில்லாத காட்டோரத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் மாறும், அவ்வளவுதான் நடக்கும். கழிவுப் பொருளைத் தேடிப் புளோக் புளோக்காகச் செல்லும் காராங் குனி முதியவர்களை இந்த விதி தண்டித்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். மறுசுழற்சி என்ற சொல் பள்ளிப் பாடத்தில் ஏறுவதற்கு முன்பே அதைச் செய்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கையில் வெளிப்பெட்டி போய்ச் சேர்வதற்கு முன்பே, கழற்றுபவரிடமே வாயு எடுக்கப்பட்டுவிட வேண்டும்.

துணைக் குத்தகைக்காரரையும் திட்டத்தின் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். பற்றுச்சீட்டைக் கொண்டு குளிர்சாதனம் விற்கும் கடை, பழைய பெட்டியின் பக்கத்தகட்டைப் படம் பிடித்து, எத்தனை கிராம் வாயு இருந்தது, எத்தனை கிராம் எடுக்கப்பட்டது என்று பதிவு செய்தால் போதும். அந்தப் படத்தை எடுக்கத் தெரியாத தொழிலாளி இன்று ஒருவரும் இல்லை. இந்த வேலையைச் செய்பவர்களுள் பெரும்பகுதியினர் தமிழும் வங்காளமும் சீனமும் பேசுபவர்கள் என்பதால், பாதுகாப்புக் குறிப்புகளை அம்மொழிகளில், எழுத்தைவிடப் படமும் காணொளியும் மிகுந்த வகையில், தங்குவிடுதிகளுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உருளையை எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது, வெவ்வேறு வாயுக்களை ஒரே உருளையில் கலக்கக் கூடாது, கம்ப்ரசரைப் பிளப்பதற்கு முன் எண்ணெயை வடித்துத் தனியே வைக்க வேண்டும் என்ற மூன்றைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

என் லாரியில் இப்போது ஓர் உறிஞ்சும் இயந்திரமும் இரண்டு உருளைகளும் எப்போதும் இருக்கின்றன. ஒரு பெட்டிக்கு இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகிறது, அதனால் நாளுக்கு ஒரு வீடு குறைகிறது. என்னோடு வேலை செய்யும் இரு இளைஞர்களும் இதை முணுமுணுக்காமல் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். உங்கள் அதிகாரிகளில் யாரேனும் ஒருவர் ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்து, வீட்டின் பின்சுவரில் தொடங்கிக் கிடங்கின் தராசு வரை ஒரு வெளிப்பெட்டி போகும் வழியை நேரில் பார்க்க விரும்பினால், காலை எட்டு மணிக்கு அவருக்காக முன்னிருக்கையை ஒழித்து வைத்திருப்பேன்.

பணிவுடன்,
குளிர்சாதனத் தொழிலாளி ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்