மறைமுகக் கூலியை அடக்க விலையில் சேர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில்களின் நெருக்கடியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மூலப்பொருள் விலையும் மின்கட்டணமும் வங்கி வட்டியும்தான் முன்னால் நிற்கின்றன. கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதித் தொழிற்கூடங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், இவற்றோடு இன்னொன்றையும் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பொருளில் நேரடியாகக் கை வைக்காவிட்டாலும், யார் இல்லாமல் அந்தப் பொருள் கூடத்தை விட்டு வெளியே போகாதோ, அவர்களுடைய சம்பளம், அதாவது மறைமுகக் கூலி, விலை சொல்லும்போது விடுபட்டுப் போகிறது. ஆர்டருக்குக் குறைவில்லை, ஆனால் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று வருந்தும் முதலாளிகள் பலரின் கணக்கில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

ஓசூரில் பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கூடத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 17,500 ரூபாய் சம்பளத்தில் எட்டு ஆபரேட்டர்கள் என்றால் நேரடிக் கூலி 1,40,000 ரூபாய். எட்டுப் பேரும் சேர்ந்து மாதத்தில் 1,400 மணி நேரம் உற்பத்தியில் நின்றால், மணிக்கு 100 ரூபாய் ஆகிறது. அதே கூடத்தில் சூப்பர்வைசருக்கு 26,000, தரம் பார்ப்பவருக்கு 18,000, ஸ்டோர் கீப்பருக்கு 16,000, உதவியாளருக்கும் இரவு வாட்ச்மேனுக்கும் தலா 12,000 என்று 84,000 ரூபாய் போகிறது. இதை அதே 1,400 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 60 ரூபாய். ஆறு நிமிடத்தில் கடையும் ஓர் உருப்படிக்கு நேரடிக் கூலி 10 ரூபாய், மறைமுகக் கூலி 6 ரூபாய். பத்தாயிரம் உருப்படி ஆர்டருக்கு 10 ரூபாயை மட்டும் மனத்தில் வைத்து ரேட் கொடுப்பவர், லாபம் என்று தாம் எண்ணியிருக்கும் தொகையிலிருந்து 60,000 ரூபாயைத் தமக்குத் தெரியாமலேயே கொடுத்துவிடுகிறார்.

“வாட்ச்மேனுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கத்தானே போகிறோம், அதை ஏன் ரேட்டில் ஏற்ற வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் சும்மா நிற்கும் ஒரு மாதத்தில், கிடைக்கிற ஒற்றை ஆர்டரை விடாமல் பிடிப்பதற்கு இந்த வாதம் பொருந்தும். எல்லா ஆர்டருக்கும் இதையே சொல்லத் தொடங்கினால், அந்தச் சம்பளத்தை எந்த வாடிக்கையாளரும் தருவதில்லை. முதலாளியின் முதலிலிருந்துதான் அது போகிறது.

கணக்கர்களாகிய எங்கள் பக்கத்திலும் திருத்திக்கொள்ள வேண்டியது இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஆபரேட்டர் கூலியை நேரடிச் செலவிலும், மற்ற எல்லாருடைய சம்பளத்தையும் ‘சேலரி’ என்ற ஒரே தலைப்பில் மறைமுகச் செலவிலும் பதிந்துவிடுவது பரவலான வழக்கம். அப்போது மெஷினைப் பராமரிக்கும் ஃபிட்டரும் ஸ்டோர் கீப்பரும் அலுவலக எழுத்தரோடும் விற்பனைப் பிரதிநிதியோடும் ஒன்றாகக் கலந்து, மொத்த லாபத்துக்கு (விற்பனையிலிருந்து நேரடிச் செலவை மட்டும் கழித்தது) கீழே இலாப நட்டக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். வரிக் கணக்குக்கு நிகர லாபம் பெரிதாக மாறாமல் இருக்கலாம். ஆனால் மொத்த லாபத்தை மட்டும் பார்க்கும் முதலாளிக்குத் தொழில் நன்றாக நடப்பதாகவே தெரியும். சரக்கு இருப்பை மதிப்பிடும் கணக்கியல் தரநிலை 2, உற்பத்தி மேற்செலவை, அதாவது உற்பத்திக்கான மறைமுகச் செலவை, சரக்கின் அடக்கத்தில் சேர்க்கச் சொல்கிறது. விற்பனைச் செலவையும் உற்பத்தியோடு தொடர்பில்லாத நிர்வாகச் செலவையும் விலக்கச் சொல்கிறது. எனவே தொழிற்கூடச் சம்பளம், அலுவலகச் சம்பளம் என இரண்டு தலைப்புகளாவது கட்டாயம் வேண்டும்.

பங்கிடும் முறையிலும் கவனம் தேவை. கணினி வழி இயங்கும் சி.என்.சி. மெஷினில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற, உருப்படியைப் பிடிக்கும் ஜாவை மாற்றி, வெட்டும் கருவியின் அளவுத் திருத்தத்தை (டூல் ஆஃப்செட்) கொடுத்து, முதல் உருப்படியை அளந்து ஒப்புதல் வாங்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆவதாக வைத்துக்கொள்ளுங்கள். 5,000 உருப்படிக்கு இது தலைக்கு ஏறத்தாழ ஒரு விநாடிதான். 50 உருப்படிக்கோ தலைக்கு 108 விநாடி. இந்த மாற்று வேலையைச் செய்யும் செட்டரின் சம்பளத்தை மணிக்கணக்கில் எல்லா வேலைக்கும் சமமாகப் பரப்பினால், சின்ன ஆர்டரின் சுமையைப் பெரிய ஆர்டர் சுமக்கும். அவருடைய சம்பளத்தைச் செட்டிங் எண்ணிக்கைப்படி ஏற்றுவதே நியாயம். மிகைநேரப் பணிக்குச் சட்டப்படி தர வேண்டிய இரட்டிப்பு ஊதியத்தின் கூடுதல் பாதியும் இப்படித்தான்: வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் வந்தது என்றால் அது அந்த ஆர்டரின் செலவு, மற்றபடி பொது மேற்செலவு.

சம்பளத்தோடு ஒட்டி வருபவையும் உண்டு. 20 பேர் வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், நிர்வாகக் கட்டணமும் காப்பீடுமாக மேலும் 1 சதவீதம். 10 பேர் இருந்தாலே தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், பணிக்கொடைக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். போனஸ் சட்டம் பொருந்தும் இடத்தில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். தீபாவளிக்கு முன் போனஸுக்காகக் கடன் தேடி அலைவதைவிட, மாதாமாதம் ஒதுக்கி அடக்கத்தில் ஏற்றுவது நல்லது.

எங்கள் மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெங்களூரா மாம்பழம் வரத்தாகும் சில மாதங்களில்தான் ஆலை ஓடும். பழம் நறுக்கும் பெண்களுக்கு அந்த நாட்களுக்கு மட்டுமே கூலி. பாய்லர் ஆபரேட்டர், ஃபிட்டர், ஆய்வகப் பணியாளர் ஆகியோருக்கு ஆண்டு முழுதும் சம்பளம் உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் பாய்லரைத் துப்புரவு செய்து, பம்பைக் கழற்றிப் பூட்டும் அந்த வேலையும் அடுத்த சீசன் கூழுக்கான வேலைதான் என்பதால், அதன் சம்பளம் டின்னுக்கும் டிரம்முக்கும் ஏற வேண்டும். விளைச்சல் பொய்த்து, வழக்கத்தில் பாதிக் கூழே எடுத்த ஆண்டில் மட்டும், முழுச் சம்பளத்தையும் அந்தப் பாதிச் சரக்கின் மேல் சுமத்தக் கூடாது. இயல்பான உற்பத்தி அளவை வைத்தே பங்கிட வேண்டும் என்றும், மிஞ்சுவதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட வேண்டும் என்றும் மேற்சொன்ன தரநிலையே கூறுகிறது. இல்லையேல் விற்காத கூழின் மதிப்பு ஏட்டில் ஊதிப் பெருத்து, நட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

மாவட்டத் தொழில் மையமும் ஓசூரின் சிறுதொழில் சங்கங்களும் புதிய தொழில்முனைவோருக்கு அடக்கவிலைத் தாள் தயாரிப்பதை ஒரு நாள் பயிற்சியாகவேனும் நடத்த வேண்டும். அந்தத் தாளில் மறைமுகக் கூலிக்குத் தனி இடம் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அத்தகைய மாதிரித் தாள் ஒன்றைத் தமிழில் வெளியிட்டால், ரேட் பேச உட்காரும் முன் அதை நிரப்பிப் பார்க்கப் பலர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஒரு கணக்கர்,
கிருஷ்ணகிரி.