சிவப்பு விளக்கில் நிற்காமல் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் முகம் உங்களுக்கு நினைவிருக்கவும் வாய்ப்பில்லை. சென்ற வாரம், அலுவலகங்கள் விடும் மாலை நேரத்தில், நான்கு சாலைகள் கூடும் ஒரு சந்திப்பின் நிறுத்தக் கோட்டில் ஒரு காலை ஊன்றியபடி சைக்கிளுடன் நின்றிருந்தவன் நான். என் தோளை உரசாத குறையாகப் பின்னாலிருந்து வந்து, சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் அந்தச் சந்திப்பைக் கடந்தவர் நீங்கள். நடந்து செல்பவர்களுக்கு அப்போது பச்சை விழுந்திருந்தது. வெள்ளைக் கோடுகளின் மேல் இரண்டடி எடுத்து வைத்திருந்த ஒரு மூதாட்டிக்கும் உங்கள் ஹேண்டில்பாருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்திருந்தால் அதிகம். நீங்கள் லாவகமாக வளைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதன் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அந்த அம்மா கீழே விழவில்லை. ஆனால் பதறிப் பின்வாங்கியதில் அவருடைய மூக்குக் கண்ணாடி நழுவிச் சாலையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொள்ளவும் தோன்றாமல், சிக்னல் கம்பத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். அடுத்த இரண்டு முறை பச்சை விழுந்தும் அவர் சாலையில் கால் வைக்கவில்லை. மூன்றாம் முறை நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவருடன் நடந்தேன். பாதி தூரம் போனதும் என் கேரியரைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் காயமில்லை, ஒரு பொருளும் சேதமில்லை, எந்தக் கணக்கிலும் இது விபத்தாகப் பதிவாகாது. ஆனாலும், பச்சை விளக்கை நம்பிக் காலெடுத்து வைக்கும் துணிவை அந்த அம்மாவிடமிருந்து நாம் பறித்துக்கொண்டோம். ‘நாம்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தக் கம்பத்தடியில் நின்றவருக்கு நீங்கள் வேறு, நான் வேறு அல்ல, இருவரும் சைக்கிள்காரர்கள்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நின்ற சைக்கிளை மறுபடி நகர்த்துவது உடலுக்கு வேலைதான். ஒருமுறை இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளுமாகச் சேர்த்து 80 கிலோ எடையை, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,200 ஜூல் ஆற்றல் தேவைப்படுகிறது. சமதளத்தில் அதே வேகத்தில் சுமார் 70, 80 மீட்டர் மிதிப்பதற்கு ஆகும் உழைப்பு அவ்வளவுதான். அடிக்கடி நிற்க நேரும் சாலையில் இது கூடிக்கொண்டே போகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிக்னலில் நின்று புறப்படுவதற்கு நாம் கொடுக்கும் விலை இத்தனை சிறியது என்று தெரிந்த பிறகு, அதை மிச்சப்படுத்துவதற்காக இன்னொருவரின் எலும்பைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சில இடங்களில் சட்டமே சைக்கிளுக்குச் சலுகை தருகிறதே என்றும் நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982-ஆம் ஆண்டிலேயே, ‘நில்’ என்ற பலகையைச் சைக்கிளில் வருபவர்கள் ‘வழிவிடு’ என்று எடுத்துக்கொள்ளலாம் எனச் சட்டம் இயற்றியது. அந்த ஏற்பாட்டை நான் ஆதரிப்பவன். ஆனால் அதன் உயிர் ‘வழிவிடு’ என்ற சொல்லில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்து, நடப்பவருக்கும் குறுக்கே வருபவருக்கும் வழிவிட்ட பிறகு, முழுவதும் நிற்காமல் போகலாம் என்பதே அதன் பொருள். அன்று நீங்கள் யாருக்கும் வழிவிடவில்லை. அந்த அம்மாதான் உங்களுக்கு வழிவிட்டார்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடியில் ஐந்தரை மீட்டரைக் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறக்குறைய அந்த ஒரு நொடி போய்விடும்; அதன் பின், உலர்ந்த சாலையில் இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தாலும், நிற்க இன்னும் மூன்று மீட்டராவது வேண்டும். வேகம் 30 ஆனால் மொத்தத் தூரம் 15 மீட்டரை எட்டிவிடுகிறது. மோதலின் கடுமையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 15-இல் போகிற சைக்கிளைவிட 30-இல் போகிற சைக்கிள் நான்கு மடங்கு ஆற்றலுடன் இடிக்கிறது. மழை பெய்து ரிம் நனைந்திருந்தால், பிரேக் கட்டை முதலில் ஈரத்தை வழித்தெடுத்த பிறகே பிடிக்கத் தொடங்கும். நீங்கள் வளைத்துத் தப்பித்தது உங்கள் திறமையால் மட்டுமல்ல. அந்த அம்மா பின்னால் நகர்ந்ததாலும்தான். ஒருவேளை அவர் முன்னால் ஓடியிருந்தால்? பதறுபவர்கள் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நடப்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று பெல் அடித்தால், சத்தம் வந்த பக்கமே திரும்பி நம் பாதையில் கால் வைப்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓசையின்றி வரும் வண்டி நம்முடையது. பெல்லைத் தொலைவிலேயே அடித்து, அவர் திரும்பிப் பார்க்க அவகாசம் கொடுத்து, நடை வேகத்துக்கு இறங்கி வந்து கடப்பதுதான் முறை.

இதற்கெல்லாம் விடை சாலையோரச் சாக்கடை விளிம்பை ஒட்டியே பயந்து பயந்து ஓட்டுவதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பொறுப்பாக ஓட்டுவது வேறு, ஒடுங்கி ஓட்டுவது வேறு. விளிம்போரம் கண்ணாடிச் சில்லும் சல்லிக்கல்லும் சேரும். வடிகால் மூடியின் கம்பிகளுக்கு இடையில் மெல்லிய டயர் மாட்டிக்கொள்ளும். அவற்றைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் சட்டென்று நடுச்சாலைக்கு வளைபவரைத்தான் பின்னால் வரும் காரோட்டி கடைசி நொடியில் பார்க்கிறார். நிறுத்தி வைத்த கார்களை ஒட்டிப் போவது அதைவிட மோசம். ஒரு கதவு முழுவதும் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். உள்ளே இருப்பவர் கண்ணாடியில் பார்க்க மறந்த நொடியில் அது நமக்கு எதிரே சுவராக வந்து நிற்கும். ஆகவே நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலத்துக்கும் சற்று அதிகமாக விலகி, நேர்கோட்டில் ஓட்டுகிறேன். பின்னால் சிலர் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிப்பவர் என்னைப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு நிம்மதி.

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளை வாகனமாகவும், அதில் செல்பவரை ஓட்டுநராகவுமே வரையறுக்கிறது. ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும், வேறு வண்டி இழுத்துச் செல்லும்படி ஓட்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. சாலையில் நமக்கு உள்ள இடத்தையும் நமக்கு உள்ள கடமையையும் அந்த ஒரே வரையறை தருகிறது. பேருந்துக்காரர் எனக்கு இடம்விட வேண்டும் என்று காலையில் வாதாடிவிட்டு, மாலையில் சிவப்பு விளக்கு எனக்கில்லை என்று போக என்னால் முடியாது. நான் ஓட்டுநர் என்றால், என் அடுத்த அசைவு என்ன என்பதைச் சுற்றியிருப்பவர்கள் முன்கூட்டியே அறியும்படி ஓட்ட வேண்டும்: திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பது, கையை நீட்டிக் காட்டுவது, எதிர்த்திசையில் வராமல் இருப்பது, எல்லாமே அதற்காகத்தான். அன்று உங்கள் இரண்டு காதுகளிலும் இயர்போன் இருந்தது. பின்னால் வருவதைக் கண்ணாடி இல்லாத வண்டியில் முதலில் சொல்வது காதுதான், தம்பி.

உங்களிடம் நான் மிகவும் அஞ்சிய காட்சி அந்த மூதாட்டியுடையது அல்ல; இரண்டு நாள் கழித்துப் பார்த்தது. ஒரு சிக்னலில் திருப்ப விளக்கு மினுக்கியபடி நின்றிருந்த லாரிக்கும் நடைபாதை விளிம்புக்கும் இடையே புகுந்து முன்னேறினீர்கள். தயவுசெய்து அதை மட்டும் இனி செய்யாதீர்கள். உயரத்தில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு, கதவுக்குக் கீழேயும் முன்பக்க பம்பரை ஒட்டியும் நிற்கும் சைக்கிள் தெரியாமல் போகலாம். அவர் அலட்சியக்காரர் என்பதால் அல்ல, அந்த இருக்கையிலிருந்து பார்வை விழும் கோணம் அப்படி. அதோடு, நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பக்கம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில், நடுப்பகுதி நம்மை விளிம்போடு நெருக்கும். அடுத்து வருவது பின்சக்கரம். அந்த இடத்தில் திறமைக்கு வேலையே இல்லை, ஒதுங்க இடமில்லை. லாரிக்குப் பின்னால் நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியவில்லை.

இவ்வளவு எழுதுகிறவன் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக ஓட்டியவன் அல்ல. இருபத்திரண்டு வயதில், விளக்கில்லாத சைக்கிளில், கறுப்புச் சட்டையுடன் இரவில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருந்தது; அது போதும் என்று நம்பினேன். ஒரு நாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. அதன் முகப்பு விளக்குகள் சாலையின் குறுக்கே பாய்ந்தனவே தவிர, என் மேல் படவில்லை. ஒளி நேராக வந்து பட்டால்தான் பிரதிபலிப்பான் ஒளிரும், அதுவும் ஒளி வந்த திசையில். பக்கத்திலிருந்து வந்தவருக்கு நான் இருட்டின் ஒரு துண்டு. அவர் என்னை இடிக்காமல் இருக்கத் திருப்பியதில், கார் விளிம்பேறி, அங்கே தந்தையின் கையைப் பிடித்து நின்ற ஒரு குழந்தைக்கு ஓரடி தள்ளி நின்றது. குழந்தை அழவில்லை. அந்தத் தந்தை என்னைத் திட்டவும் இல்லை. குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நானும் உங்களைப் போலவே அங்கிருந்து போய்விட்டேன். மறுநாள் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பொருத்தினேன். அவரிடம் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

லாரியைத் தாண்டி நீங்கள் போன அன்று, அடுத்த சிக்னலில் நானும் வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். எவ்வளவோ பாய்ந்து போயும் நாம் இருவரும் ஒரே விளக்குக்குத்தான் காத்திருந்தோம். பேச வாயெடுப்பதற்குள் பச்சை விழுந்து, புறப்பட்டுவிட்டீர்கள். ஆனால் நீங்கள் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டேன். குறுக்கே பேருந்து வந்ததும் பிரேக்கைப் பிடித்தீர்கள். வண்டி நிற்காமல், செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினீர்கள். பின்சக்கரத்தின் பிரேக் கட்டைகள் தேய்ந்து ரிம்மைத் தொடவே இல்லை. முன்பிரேக்கின் கம்பி, லீவரை ஒட்டிய இடத்தில் இழை இழையாகப் பிரிந்து, இரண்டு மூன்று இழைகளே மிஞ்சியிருந்தன. நிற்கும் வலிமையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அந்த இழைகள் அறுந்தால், உங்களிடம் மிஞ்சுவது அந்தச் செருப்பு மட்டும்தான். மேலே எழுதியவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதை ஆற அமர யோசியுங்கள். பிரேக் கம்பியையும் கட்டைகளையும் மட்டும், அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
நிறுத்தக் கோட்டில் உங்கள் பக்கத்தில் நின்றவன்